பிரிட்டிஷ் கிறிஸ்துமஸ் வீட்டு மரபா, கடைவீதி மரபா? சம்பந்தி வீட்டு அழைப்பை ஒட்டிச் சில கேள்விகள்

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகன் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள பிரெஸ்டன் நகரில் வேலை பார்க்கிறான். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணைக் கடந்த ஆண்டு மணந்துகொண்டான். வரும் டிசம்பரில் நானும் என் கணவரும் முதன்முறையாக அங்கே செல்லவிருக்கிறோம். சம்பந்தி வீட்டார் எங்களைக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் தம் கைப்பட எழுதிய அட்டை ஒன்று தபாலில் வந்து சேர்ந்தது.

நாங்கள் சைவ உணவு உண்பவர்கள், கிறிஸ்தவர்களும் அல்லர். அந்த நாளில் அவர்கள் வீட்டில் எது எந்த வரிசையில் நடக்கும், எதை அவர்கள் உயர்வாக மதிக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு செல்ல விரும்புகிறேன். லண்டனில் நெடுங்காலம் இருந்து திரும்பிய உறவினர் ஒருவர், "அதெல்லாம் விக்டோரியா காலத்துக் கடைக்காரர்கள் உண்டாக்கியது, அதில் ஆழமாக ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது எவ்வளவு தூரம் சரி என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மான்செஸ்டர் அடுக்களை எழுதியது:

அம்மா, வரிசையை நான் சொல்கிறேன். வீட்டுக்கு வீடு சிறு வேறுபாடுகள் இருக்கும்; ஆனால் அடிப்படை ஏறத்தாழ ஒன்றுதான்.

முந்தைய நாள் இரவு குழந்தைகள் கட்டில் ஓரத்திலோ கணப்படுப்பின் அருகிலோ நீளமான காலுறையைத் தொங்கவிடுவார்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்காக மின்ஸ் பை என்னும் உலர்பழம் நிறைத்த சிறு பணியாரம் ஒன்றையும் ஒரு சிறிய கோப்பை ஷெரி மதுவையும், அவருடைய கலைமானுக்காக ஒரு கேரட்டையும் தட்டில் வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். காலையில் காலுறைப் பரிசுகள் முதலில் பிரிக்கப்படும். மரத்தடியில் உள்ள பெரிய பரிசுகளைச் சில வீடுகளில் காலை உணவுக்குப் பின்னும், சில வீடுகளில் மதிய விருந்துக்குப் பின்னும் பிரிப்பார்கள். இந்த வரிசையில் ஒவ்வொரு குடும்பமும் பிடிவாதமாக இருக்கும். அவர்கள் தொடங்கும்வரை நீங்கள் உங்கள் பொதியைத் தொடாமல் இருப்பது நல்லது.

விருந்து பெரும்பாலும் பிற்பகல் 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் நடக்கும். வான்கோழி, அடுப்பில் வாட்டிய உருளைக்கிழங்கு, பார்ஸ்னிப், பிரசல்ஸ் ஸ்ப்ரவுட், பன்றி இறைச்சியில் சுற்றிய சிறிய சாசேஜ்கள், கிரான்பெரி சாஸ், பிரெட் சாஸ், கிரேவி ஆகியவை மேசைக்கு வரும். ஒவ்வொரு தட்டின் அருகிலும் ஒரு கிராக்கர் இருக்கும். இது நம் ஊர்ப் பட்டாசு அன்று. வண்ணத் தாள் சுற்றிய அட்டைக் குழாய். இரு முனைகளும் முறுக்கப்பட்டிருக்கும். உள்ளே மெல்லிய அட்டைப் பட்டை ஒன்றில் இம்மியளவு வெடிமருந்து தடவப்பட்டிருக்கும். ஒரு முனையை நீங்களும் மறுமுனையைப் பக்கத்தில் இருப்பவரும் பிடித்து இழுக்க வேண்டும். சில வீடுகளில் எல்லோரும் கைகளை மார்புக்குக் குறுக்கே வைத்து, மேசையைச் சுற்றி ஒரு வளையமாக ஒரே நேரத்தில் இழுப்பார்கள். பெரிய துண்டு யார் கையில் மிஞ்சுகிறதோ, உள்ளே இருப்பது அவருக்கு: ஒரு காகிதக் கிரீடம், ஒரு சிறு விளையாட்டுப் பொருள், ஒரு விடுகதைச் சீட்டு. கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொள்ளுங்கள். எண்பது வயதுப் பெரியவரும் அதைச் சூடிக்கொண்டுதான் சாப்பிடுவார். விடுகதையை உரக்கப் படிக்க வேண்டும். அது எவ்வளவு எளியதாக இருந்தாலும் மேசை முழுவதும் சேர்ந்து சிரிக்கும்.

நீங்கள் கேட்ட "உயர்வாக மதிப்பது" என்பதற்கு என் விடை கிறிஸ்துமஸ் புட்டிங். அதன் வேலை விருந்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்களான திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் உலர்திராட்சை, ரொட்டித்தூள், கருஞ்சர்க்கரை, சூயட் என்னும் கொழுப்பு, முட்டை, மசாலாப் பொருள்கள், பிராந்தி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பார்கள். இயேசுவையும் பன்னிரு சீடர்களையும் நினைத்து மொத்தம் 13 பொருள்கள் சேர்க்கும் வழக்கமும் உண்டு. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும், கைக்குழந்தை உட்பட, மரக்கரண்டியைப் பிடித்துக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு சுற்றுக் கிளறி, மனத்துக்குள் ஒன்றை வேண்டிக்கொள்ள வேண்டும். பிறகு கலவையைப் பீங்கான் கிண்ணத்தில் அழுத்தி நிரப்பி, மேலே வெண்ணெய் தடவிய தாளும் அலுமினியத் தாளும் வைத்து மூடுவார்கள். வேகும்போது புட்டிங் உப்ப இடம் வேண்டும் என்பதற்காகத் தாளின் நடுவில் ஒரு மடிப்பு விடப்படும். விளிம்பைச் சுற்றி நூலால் இறுகக் கட்டி, கொதிக்கும் பாத்திரத்திலிருந்து தூக்குவதற்கு அதே நூலில் ஒரு கைப்பிடியும் போடுவார்கள். பல மணி நேரம் ஆவியில் வெந்த பிறகு அது இருண்ட அலமாரிக்குள் போகும். கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் ஆவியில் சூடாக்கி, தட்டில் கவிழ்த்து, வெதுவெதுப்பான பிராந்தியை ஊற்றித் தீ வைப்பார்கள். அறை விளக்குகளை அணைத்துவிட்டு அந்த நீலச் சுடரை எல்லோரும் பார்ப்பார்கள். உள்ளே வெள்ளி நாணயம் வைக்கும் வீடுகளும் உள்ளன. ஆகவே மெதுவாகக் கடியுங்கள்.

இதைக் கடைக்காரர் உண்டாக்கினார் என்று உங்கள் உறவினர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழஞ்சுவடி எழுதியது:

உறவினர் சொன்னதில் ஒரு பாதியாவது நிற்கும் என்று நினைக்கிறேன். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

1840இல் ஒரு பென்னி கட்டணத்தில் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் அனுப்பும் தபால் முறை வந்தது. அந்தச் சீர்திருத்தத்தில் பங்கேற்ற ஹென்றி கோல், 1843இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சிட்டு ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றார். அதன் நடுவில் மூன்று தலைமுறைக் குடும்பம் ஒன்று கோப்பை உயர்த்துகிறது. இரு பக்கங்களிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கப்படுகின்றன. சிறு குழந்தை ஒன்று மது அருந்துவதுபோல் வரையப்பட்டிருந்ததால் மதுவிலக்கு ஆதரவாளர்கள் அதைக் கண்டித்தார்கள். 1847இல் லண்டன் மிட்டாய் வியாபாரி டாம் ஸ்மித், பாரிஸில் கண்ட தாள் சுற்றிய மிட்டாயிலிருந்து கிராக்கரை உருவாக்கினார். கிறிஸ்துமஸ் மரத்தை அரசி சார்லட் 1800லேயே வின்ட்சரில் வைத்திருந்தார் என்றாலும், விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் குழந்தைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் ஒரு லண்டன் வார இதழில் வெளிவந்த பிறகுதான் அது நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது. 10 ஆண்டுகளுக்குள் அட்டை, கிராக்கர், மரம் ஆகிய மூன்றும் வந்துவிட்டன. அச்சகம், தபால், கடை ஆகிய மூன்றும் இல்லாமல் அவை பரவியிருக்க முடியாது.

அதற்காக அதற்கு முன்பு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1647இல் தூய்மைவாதிகளின் நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே ஒழித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 25 அன்று கேன்டர்பரி நகரில் கடைகளைத் திறந்துவைக்கச் சொன்ன ஆணையை எதிர்த்து மக்கள் கலகம் செய்தார்கள். தடை செய்யும் அளவுக்கும், தடையை எதிர்த்துத் தெருவில் இறங்கும் அளவுக்கும் அந்த நாள் ஊறிப்போயிருந்தது. ஆயினும் அந்தக் கலகக்காரர்கள் அறிந்திருந்த கிறிஸ்துமஸ் 12 நாள் நீளும் ஊர்த் திருவிழா. கதவை மூடிக்கொண்டு ஒரு மேசையைச் சுற்றிக் குடும்பம் மட்டும் உட்காரும் இன்றைய நாள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் ஆக்கம் என்பதே என் கருத்து.

லீத் நடை எழுதியது:

இந்த இழையின் தலைப்பிலுள்ள "பிரிட்டிஷ்" என்ற அடைமொழியைப் பற்றி எடின்பரோவிலிருந்து ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் இருவரும் விவரிப்பது இங்கிலாந்தின் வழக்கம்.

ஸ்காட்லாந்தில் சீர்திருத்தத் திருச்சபை கிறிஸ்துமஸை வேதத்தில் ஆதாரமில்லாத விழாவாகக் கருதியது. 1640இல் இங்குள்ள நாடாளுமன்றம் அதற்கான விடுப்பை ஒழித்தது. இங்கிலாந்தில் 1660இல் அரசாட்சி மீண்டதும் விழாவும் முழு வீச்சில் மீண்டது. இங்கே அப்படி நடக்கவில்லை. வங்கிகள் மூடியிருந்தாலும் பெரும்பாலான தொழிலாளர்கள் டிசம்பர் 25 அன்று வழக்கம்போல் வேலைக்குச் சென்றார்கள். 1958இல்தான் அது இங்கே பொது விடுமுறையானது. இன்று உயிரோடிருக்கும் பெரியவர்கள் பலருக்குத் தம் தந்தை கிறிஸ்துமஸ் அன்று தொழிற்சாலைக்குப் போனது நினைவிருக்கும்.

ஆகவே குடும்பம் கூடும் நாள் இங்கே ஆண்டின் கடைசி இரவான ஹாக்மனே ஆயிற்று. அன்று வீட்டைத் துப்புரவாகக் கழுவி, கணப்படுப்பின் சாம்பலை வெளியே கொட்டி, கூடுமானவரை கடனையும் அடைத்துவிட்டு நள்ளிரவுக்காகக் காத்திருப்பார்கள். மணி பன்னிரண்டு அடித்த பிறகு முதலில் வாசலை மிதிப்பவர் அந்த ஆண்டின் நலத்தைக் கொண்டுவருகிறார் என்பது நம்பிக்கை. உயரமான, கருமுடி கொண்ட ஆண் வருவது சிறப்பு என்பார்கள். நிலக்கரித் துண்டு, ஷார்ட்பிரெட், உப்பு, பிளாக் பன் என்னும் கனமான பழ கேக், விஸ்கி இவற்றில் ஏதேனும் ஒன்றாவது அவர் கையில் இருக்க வேண்டும். வெறுங்கையோடு வரக்கூடாது. பிறகு ராபர்ட் பர்ன்ஸ் 1788இல் எழுதிவைத்த ஆல்ட் லாங் சைனைக் கைகோத்துப் பாடுவார்கள். கைகளைக் குறுக்கே மாற்றிக் கோத்துக்கொள்வது கடைசிச் சரணத்தில் மட்டும்தான்; தொடக்கத்திலேயே குறுக்கே கோத்துக்கொள்பவரை இங்கே மென்மையாகத் திருத்துவார்கள். ஜனவரி 2ஆம் தேதியும் ஸ்காட்லாந்தில் மட்டும் வங்கி விடுமுறை எனப்படும் பொது விடுமுறை. இங்கிலாந்தில் ஜனவரி 1ஆம் தேதியே 1974இல்தான் விடுமுறையானது.

தறியோசை எழுதியது:

லீத் நடை ஐயா சொன்ன ஆண்டுகளில்தான் எனக்கு இந்த விவாதத்தின் மையம் தெரிகிறது. ஒரு குடும்பம் ஒன்றாக உட்கார வேண்டுமானால் முதலில் அதன் உறுப்பினர்களுக்கு அன்று வேலை இருக்கக்கூடாது. கடையா, தேவாலயமா என்று பேசும்போது இந்த மூன்றாவது காரணத்தை விட்டுவிடுகிறோம். லங்காஷயரின் பழைய நூற்பாலை ஊர் ஒன்றில் நெடுங்காலமாக வசிப்பவன் என்ற முறையில் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1871இல் ஜான் லபக் கொண்டுவந்த வங்கி விடுமுறைச் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அயர்லாந்துக்கும் ஈஸ்டர் திங்கள், பெந்தெகொஸ்தே திங்கள், ஆகஸ்ட் முதல் திங்கள், டிசம்பர் 26 ஆகிய நான்கு நாள்களை வழங்கியது. கிறிஸ்துமஸும் பெரிய வெள்ளியும் அங்கே முன்பே வழக்காற்று விடுமுறைகள் என்பதால் அவற்றைச் சட்டத்தில் எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை. பாக்சிங் டே எனப்படும் 26ஆம் தேதி, அதற்கு முன் பெரும்பாலும் வேலைக்காரர்களும் கடைப் பையன்களும் தபால்காரர்களும் அன்பளிப்புப் பெறும் நாள். முதல் நாள் முழுவதும் முதலாளி வீட்டு விருந்துக்கு உழைத்த பணிப்பெண் மறுநாள்தான் தன் தாய் வீட்டுக்குப் போக முடிந்தது. இன்று அந்த நாளில் கால்பந்துப் போட்டிக்குச் செல்வது, நீண்ட நடை போவது, மிஞ்சிய வான்கோழியைச் சாண்ட்விச்சாகச் சாப்பிடுவது, முந்தைய நாள் பார்க்க முடியாத உறவினரைப் பார்ப்பது என்று எல்லாமே தளர்வாக நடக்கும்.

கிறிஸ்துமஸ் நாளேகூட இன்று இருப்பதுபோல் எப்போதும் அமைதியாக இருந்ததில்லை. அன்று தபால் வந்த காலம் உண்டு. 1950களின் பிற்பகுதி வரை அன்று லீக் கால்பந்து ஆட்டங்கள் நடந்தன; 1965 கிறிஸ்துமஸ் அன்றுகூடப் பிளாக்பூலும் பிளாக்பர்னும் மோதின. இன்றைய நிலை வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக்கூடாது என்று 2004இல் சட்டமே வந்தது. ரயில்கள் ஏறத்தாழ எதுவும் ஓடுவதில்லை. கடைவீதிதான் இந்த நாளை ஆள்கிறது என்றால், கடைகளை மூடும் சட்டம் தேவைப்பட்டிருக்குமா என்று பழஞ்சுவடி ஐயா எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தச் சட்டத்துக்காகக் குரல் கொடுத்தவர்களில் கடைத் தொழிலாளர் சங்கத்தினர் முன்னணியில் இருந்தார்கள்.

காவிரிக்கரை அம்மாவுக்கு இதில் ஒரு நடைமுறைச் செய்தியும் இருக்கிறது. நீங்கள் தங்கும் இடம் சம்பந்தி வீட்டிலிருந்து தொலைவில் இருந்தால், அன்றைக்கான போக்குவரத்தை முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பேருந்தும் கிடைப்பது அரிது.

பழஞ்சுவடி எழுதியது:

தறியோசையின் வாதம் வலுவானது. ஆனாலும் முழுமையானது என்று ஏற்க எனக்குத் தயக்கம். விடுமுறை என்பது வெற்றிடம். அதை எதைக் கொண்டு நிரப்புவது என்பதை யாரோ தீர்மானிக்கிறார்கள். ஈஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வெள்ளி அன்று சிலுவைக் குறியிட்ட பன் சாப்பிடுவதும் முட்டைகளுக்குச் சாயம் ஏற்றுவதும் பழைய வழக்கங்கள். 1873இல் பிரிஸ்டலில் ஃப்ரை நிறுவனமும், 1875இல் பர்மிங்ஹாமில் காட்பரி நிறுவனமும் சாக்லேட் முட்டையை வெளியிட்ட பிறகு, இன்றைய குழந்தைக்கு ஈஸ்டர் முட்டை என்றாலே சாக்லேட்தான். சட்டம் திங்கட்கிழமையைக் கொடுத்தது. கையில் இருக்கும் பொருளைத் தொழிற்சாலை கொடுத்தது.

கிறிஸ்துமஸ் பிற்பகல் 3 மணிக்கு வரும் மன்னர் உரையும் இதற்குச் சான்று. 1932இல் ஐந்தாம் ஜார்ஜ் சாண்ட்ரிங்ஹாமிலிருந்து, ருட்யார்ட் கிப்ளிங் எழுதித் தந்த உரையை வானொலியில் வாசித்தார். பேரரசின் தொலைதூர நாடுகளுக்குச் சிற்றலை சென்று சேர ஏற்ற நேரம் என்பதால்தான் அந்த மணி தேர்ந்தெடுக்கப்பட்டது. பேரரசு போய்விட்டது, மணி மாறவில்லை. உரைக்கு முன்பே சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று இன்றும் எத்தனையோ வீடுகளில் உருளைக்கிழங்கை அடுப்பில் வைக்கும் நேரம் கணக்கிடப்படுகிறது. ஒரு வானொலி அட்டவணை, சமையலறையின் நேரத்தை 90 ஆண்டுகளுக்கும் மேலாகத் தீர்மானித்துவருகிறது.

மான்செஸ்டர் அடுக்களை எழுதியது:

பழஞ்சுவடி ஐயா, உருளைக்கிழங்கை அடுப்பில் வைப்பது யார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இந்த மரபுகளின் பெரும்பகுதி பெண்களின் உழைப்பால் நிற்பது. கடை சரக்கைத் தரும், சட்டம் நாளைத் தரும். எந்த அத்தைக்கு எந்த அட்டை அனுப்ப வேண்டும், கடந்த ஆண்டு யார் நமக்கு அனுப்பவில்லை, யாருக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது என்பதையெல்லாம் ஒரு பெண்மணி தம் நினைவிலும் ஒரு சிறு குறிப்பேட்டிலும் வைத்திருக்கிறார். அம்மாவின் சம்பந்தி கைப்பட எழுதிய அட்டையை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

வீட்டார் மனத்தில் வைத்துக் காத்த வழக்கம் எப்படித் தாங்கும் என்பதற்கு அன்னையர் ஞாயிறு நல்ல எடுத்துக்காட்டு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு அது. ஆகவே தேதி ஆண்டுதோறும் மாறும். வெளியூரில் வீட்டு வேலை செய்த சிறுமியர் அன்று விடுப்புப் பெற்றுத் தாயைப் பார்க்கச் செல்வார்கள். வழியில் பறித்த ஊதாப்பூங்கொத்தோ, எஜமானியின் அனுமதியோடு சுட்ட சிம்னல் கேக்கோ கையில் இருக்கும். 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ராபர்ட் ஹெரிக்கே தாயைக் காணச் செல்லும்போது சிம்னல் கொண்டுபோவதைப் பாடியிருக்கிறார் என்பதால், இதை விக்டோரியா காலத்துக் கணக்கில் சேர்க்க முடியாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கம் மங்கியபோது, நாட்டிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த பாதிரியார் மகள் கான்ஸ்டன்ஸ் பென்ஸ்விக் ஸ்மித் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அதை மீட்பதில் செலவிட்டார். அமெரிக்காவில் ஆனா ஜார்விஸ் தொடங்கிய அன்னையர் தினம் மே மாதத்து இரண்டாம் ஞாயிறு; அது வேறு. தாம் தொடங்கிய நாள் வணிகமாகிவிட்டதை எதிர்த்து ஆனா ஜார்விஸே பின்னாளில் போராடினார். கடையின் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அதை எதிர்த்து நின்றவர்களும் மரபின் பகுதிதான் என்கிறேன்.

சிம்னல் கேக்கைப் பார்த்தால் அடையாளம் காண்பது எளிது. மேலே பாதாம் மாவில் உருட்டிய 11 உருண்டைகள் இருக்கும்; யூதாஸை நீக்கிய சீடர்களின் எண்ணிக்கை அது. இப்போது அதைப் பெரும்பாலும் ஈஸ்டருக்குச் செய்கிறார்கள்.

திருமண கேக்கும் இதே பழ கேக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அடுக்கடுக்கான அந்தக் கேக்கின் மேல் அடுக்கை வெட்டாமல் பொதிந்துவைத்து, முதல் குழந்தையின் ஞானஸ்நான விருந்தில் பரிமாறுவது பழைய பழக்கம். பிராந்தியும் உலர்பழமும் நிறைந்த கேக் அவ்வளவு காலம் தாங்கும். இப்போது ஸ்பான்ஜ் கேக்கை விரும்புகிற இளைய தம்பதியரால் அந்தப் பழக்கம் குறைந்துவருகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

தறியோசை எழுதியது:

அடுக்களை அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சட்டம் போன பிறகும் மரபு நின்றதற்கு நவம்பர் 5 சான்று. 1605இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கக் கத்தோலிக்கர் சிலர் செய்த சதி முறியடிக்கப்பட்டதும், ஆண்டுதோறும் நன்றி வழிபாடு நடத்த வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டம் 1859இல் நீக்கப்பட்டது. அன்றிரவு மக்கள் மூட்டும் நெருப்பு மட்டும் இன்றும் எரிகிறது. கத்தோலிக்க எதிர்ப்பாக இருந்த நாள், பெரும்பாலான ஊர்களில் குழந்தைகள் கம்பளிக் கையுறையோடு மத்தாப்புப் பிடிக்கும் நாளாகிவிட்டது. வடக்கே அன்று ஓட்ஸ் மாவும் கரும்பாகும் சேர்த்த பார்க்கின் என்ற கேக் உண்டு.

காவிரிக்கரை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. உறவினர் ஒரு சொல்லில் ஒதுக்கியதற்குள் இவ்வளவு பேருடைய உழைப்பு இருக்கிறது என்பது எனக்கு நிறைவாக இருக்கிறது. இன்னும் சில ஐயங்கள். சைவ உணவைப் பற்றி அவர்களிடம் கேட்பது மரியாதைக் குறைவாகுமா? என்ன பரிசு கொண்டுசெல்லலாம்? நள்ளிரவுத் திருப்பலிக்கு அழைத்தால் நாங்கள் போகலாமா? மேலும் மருமகள், "பிரெஸ்டனுக்கே உரிய சில வழக்கங்கள் உண்டு, ஈஸ்டருக்கும் வாருங்கள்" என்கிறாள். அவை என்ன?

மான்செஸ்டர் அடுக்களை எழுதியது:

அம்மா, உணவைப் பற்றி இப்போதே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் சொல்வதுதான் அவர்களுக்குச் சங்கடம். இங்கே விருந்தாளியிடம் உணவுக் கட்டுப்பாடு பற்றி முன்கூட்டியே கேட்பது இயல்பான பண்பு. பலர் அறியாத இடங்களில் இறைச்சி ஒளிந்திருக்கும் என்பதால் மகனிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள். உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில் வாட்டும் வழக்கம் உண்டு. பழைய முறைப் புட்டிங்கிலும் சில மின்ஸ் பைகளிலும் சேரும் சூயட் என்பது மாட்டுக் கொழுப்பு. தாவர எண்ணெயில் செய்த சூயட் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. கிரேவி இறைச்சிச் சாற்றில் செய்யப்படுவது. சைவ விருந்தாளிக்கு நட் ரோஸ்ட் என்று பருப்புக் கொட்டைகளில் செய்வார்கள். முட்டை சேர்க்காமல் செய்யச் சொல்லலாம். நீங்களும் ஒரு பதார்த்தம் செய்துகொண்டு வருவதாகச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் மறுத்தால் விட்டுவிடுங்கள். அந்த மேசையில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இடம் முன்பே குறிக்கப்பட்டிருக்கும்.

பரிசில் விலையைவிடப் பொதிவு கவனிக்கப்படும். வண்ணத் தாளில் சுற்றி, யாருக்கு, யாரிடமிருந்து என்று சிறு சீட்டு ஒட்டுங்கள். கொடுத்தவர் முன்னிலையிலேயே பிரித்துப் பார்ப்பது இங்கே வழக்கம். நீங்களும் உங்கள் பரிசைத் தனியே பிரிக்கலாம் என்று எடுத்துவைத்துவிட்டால் பிடிக்கவில்லையோ என்று அவர்கள் எண்ணக்கூடும். ஊர் திரும்பியதும் ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள். மின்னஞ்சல் போதும் என்றாலும், கைப்பட எழுதியது பல காலம் கணப்படுப்பின் மாடத்தில் நிற்கும்.

தறியோசை எழுதியது:

அம்மா, திருப்பலிக்குத் தாராளமாகப் போகலாம். லங்காஷயர், குறிப்பாகப் பிரெஸ்டன், கத்தோலிக்க மரபு ஆழமாக வேரூன்றிய இடம். அங்குள்ள புனித வால்பர்கா ஆலயக் கோபுரம் ஏறத்தாழ 94 மீட்டர் உயரம். பிரிட்டனின் பங்கு ஆலயங்களில் அதைவிட உயர்ந்த கோபுரம் கிடையாது. வழிபாட்டில் மற்றவர் எழும்போது எழுந்து, அமரும்போது அமர்ந்தால் போதும். நற்கருணை பெற வரிசையில் செல்ல வேண்டியதில்லை, இருக்கையிலேயே இருக்கலாம்.

மருமகள் சொல்லும் ஈஸ்டர் வழக்கம், திங்கட்கிழமை ஏவன்ஹாம் பூங்காவில் முட்டை உருட்டுவதாகத்தான் இருக்கும். ரிபிள் ஆற்றை நோக்கிச் சரியும் புல்மேட்டில், சாயமிட்ட அவித்த முட்டைகளைக் குழந்தைகள் மேலிருந்து உருட்டிவிடுவார்கள். 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஊர் முழுவதும் அங்கே கூடுகிறது. 1871 சட்டம் அந்தத் திங்களைப் பொது விடுமுறையாக்கியதும், கூட்டம் வரத் தடையாக இருந்த ஆலைச் சங்கு அன்றைக்கு நின்றுபோயிற்று என்பதை என் வாதத்தின் பக்கம் சேர்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று பிரெஸ்டன் கில்டு. 1179இல் பெற்ற அரச சாசனத்தை வேராகக் கொண்ட வணிகர் சங்கத் திருவிழா அது. 1542 முதல் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்துவருகிறது. 1942இல் போரின் காரணமாக நின்று 1952இல் நடந்தது. பின்னர் 1972, 1992, 2012. அடுத்தது 2032. வெளிநாடுகளில் குடியேறிய பிரெஸ்டன் குடும்பங்கள்கூட அதற்காகத் திரும்பி வருவதுண்டு. சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் ஒரு பிறப்பையோ திருமணத்தையோ "இன்ன கில்டுக்கு முன், இன்ன கில்டுக்குப் பின்" என்று கணக்கிடுவதைக் கேட்டால் வியக்காதீர்கள்.

அவர்களுடைய தாத்தா பாட்டி நூற்பாலையில் வேலை செய்தவர்களாக இருந்தால், விடுமுறை வாரத்தைப் பற்றிக் கேளுங்கள். கோடையில் ஒரு வாரம் ஊரின் ஆலைகள் அனைத்தும் ஒருசேர மூடப்படும். ஊரே ரயிலேறிப் பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரரே அங்கும் பக்கத்து அறையில் தங்குவார். சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கு 1938இல்தான் சட்டம் வந்தது. அதுவரை அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது. ஆண்டு முழுவதும் வாரம் சில பென்னி சேமிப்புச் சங்கத்தில் கட்டித்தான் போனார்கள். அந்தக் கதையைக் கேட்டால் அவர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

லீத் நடை எழுதியது:

வருகையின்போது புத்தாண்டும் வருமானால், வடக்கு இங்கிலாந்திலும் நள்ளிரவில் முதல் காலடி வைக்கும் வழக்கம் உண்டு. ஐயாவுக்குத் தலைமுடி இன்னும் கறுப்பாக இருந்தால், மணி பன்னிரண்டு அடிக்கும் முன் அவரை வாசலுக்கு வெளியே அனுப்பி, கையில் ஒரு நிலக்கரித் துண்டைக் கொடுத்து உள்ளே அழைக்கக் கூடும். அது அந்த வீட்டார் விருந்தாளிக்குத் தரும் மரியாதை என்று அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

அவருக்குச் சொல்லிவிட்டேன், மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். நாங்கள் ஜனவரி 6 காலையில் கிளம்புகிறோம். அலங்காரங்களைக் கழற்றுவதில் உதவ விரும்புகிறேன். அதற்கும் ஒரு நாள் குறித்திருப்பார்களா?

பழஞ்சுவடி எழுதியது:

குறித்திருப்பார்கள் அம்மா. கிறிஸ்துமஸிலிருந்து பன்னிரண்டாம் இரவுக்குள் மரத்தையும் தோரணங்களையும் அகற்றிவிட வேண்டும், தவறினால் ஆண்டு முழுவதும் நலமில்லை என்பது பரவலான நம்பிக்கை. அந்த இரவு ஜனவரி 5ஆ, 6ஆ என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து வேறுபாடு உண்டு. 25ஆம் தேதியை எண்ணிக்கையில் சேர்ப்பவர்கள் 5 என்பார்கள். ஹெரிக்கின் காலத்திலோ பிப்ரவரி 2ஆம் தேதி வரும் மெழுகுவர்த்தித் திருநாள் வரை பசுந்தழைகளை விட்டுவைத்தார்கள். சம்பந்தி அம்மாளிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். 5 என்றால் உங்கள் கடைசி மாலைப் பொழுதை அதற்கு ஒதுக்கலாம். 6 என்றால், கண்ணாடி உருண்டைகளைத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலையையாவது முந்தைய இரவே உங்களிடம் தரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் யார் எந்த ஆண்டு வாங்கியது என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார்.